பாட்டுப் பாடி ஆஸ்பத்திரி பில் கட்டிய கதை

இன்னைக்கு கொஞ்சம் நீளமான இழை மக்களே. பாட்டு பற்றியது. ஆனால் உள்ளே ஒரு நரம்பு நோய், ஒரு பாம்புக்கடி, ஒரு கழுத்து எலும்பு முறிவு, தீராத மருத்துவக் கடன் எல்லாமே இருக்கு. அதனால் "டாக்டர், உங்களுக்கு ஏன் இந்த ராக் மியூசிக்?" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

1993ல் அமெரிக்காவில் "ஸ்வீட் ரிலீஃப்" என்று ஒரு தொகுப்பு வந்தது. தர்ஸ்டி இயர் என்ற சின்ன இண்டி நிறுவனத்தின் பெயரும் அதில் உண்டு. மொத்தம் 14 பாடல்கள். பாடியவர்கள் 14 வெவ்வேறு கலைஞர்கள், குழுக்கள். பேர்ல் ஜாம், சோல் அசைலம், லூ ரீட், லூசிண்டா வில்லியம்ஸ், மேத்யூ ஸ்வீட் என்று அன்றைய ஆல்டர்நேட்டிவ் ராக் உலகில் பாதிப் பேர் அதில் இருந்தார்கள்.

ஆனால் 14ம் ஒரே பெண்ணின் பாடல்கள். பெயர் விக்டோரியா வில்லியம்ஸ். லூசியானா மாநிலத்துக்காரர். அதுவரை 2 ஆல்பம் வெளியிட்டிருந்தார். இரண்டும் பெரிதாக விற்கவில்லை. சக பாடகர்களுக்கு மட்டும் அவரை ரொம்பப் பிடிக்கும்.

1992ல் நீல் யங் என்ற பெரிய பாடகரின் கச்சேரிகளில் முதலில் பாடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. வாழ்க்கையில் ஒரு திருப்பம் வரும் நேரம். அந்தப் பயணத்தில்தான் கைகள் சொன்னபடி கேட்காமல் போயின. கிட்டார் வாசிக்க முடியவில்லை.

பரிசோதனையில் வந்த பெயர், மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ்.

அது என்ன நோய்?

வீட்டில் இருக்கும் மின்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே செம்பு, மேலே பிளாஸ்டிக் உறை. நம் நரம்புகளுக்கும் அப்படி ஒரு உறை உண்டு. அதற்கு மயலின் என்று பெயர். நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே ஆள் தெரியாமல் மூளையிலும் தண்டுவடத்திலும் இருக்கும் இந்த உறையை அரிப்பதுதான் இந்த நோய். எந்த இடத்தில் அரிக்கிறதோ அதற்கேற்ப தொந்தரவு வரும். கண் மங்கலாம். கால் தள்ளாடலாம். விரல் மரத்துப் போகலாம். பெரும்பாலும் 20 முதல் 40 வயதில் ஆரம்பிக்கும். ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தொற்றுநோய் கிடையாது.

இசைக் கலைஞருக்கு விரல்தானே மூலதனம்? விரல் போனால் கச்சேரி இல்லை. கச்சேரி இல்லாவிட்டால் வருமானம் இல்லை. அதே நேரத்தில்தான் ஆஸ்பத்திரி செலவு ஆரம்பிக்கிறது.

விக்டோரியாவிடம் மருத்துவக் காப்பீடு இல்லை.

அமெரிக்காவில் பெரும்பாலானோருக்குக் காப்பீடு வேலை பார்க்கும் நிறுவனம் வழியாக வரும். பாடகருக்கு ஏது நிறுவனம்? சரி, நோய் வந்த பிறகாவது தனியாக எடுக்கலாமே என்றால், அன்றைக்குப் பல மாநிலங்களில் ஏற்கெனவே நோய் இருப்பவரைக் காப்பீட்டு நிறுவனம் தாராளமாக நிராகரிக்கலாம். இதைத் தடுக்கும் சட்டம் 2010ல் ஒபாமா காலத்தில் வந்து, 2014ல்தான் முழுதாக நடைமுறைக்கு வந்தது.

இன்னொரு விஷயமும் சொல்லணும். இந்த நோயின் போக்கையே மாற்றும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டா ஊசிக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அதே 1993ல்தான். அதற்கு முன்பு தாக்குதல் வரும்போது ஸ்டீராய்டு கொடுப்போம், அவ்வளவுதான். அந்த முதல் தலைமுறை மருந்துகள் வந்தபோது விலை ஆண்டுக்கு 8 ஆயிரம் முதல் 11 ஆயிரம் டாலர். மருந்து வந்துவிட்டது, வாங்கத்தான் காசு இல்லை.

அப்போதுதான் நண்பர்கள் சேர்ந்து இந்தத் தொகுப்பைக் கொண்டுவந்தார்கள்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது அவர்கள் உதவிய விதம். "பாவம், நோயாளி, உதவுங்கள்" என்று அவர் படத்தைப் போட்டு உண்டியல் குலுக்கவில்லை. "இவர் பாட்டு நல்லா இருக்கு, கேளுங்க" என்று பாடிக் காட்டினார்கள். காப்புரிமைச் சட்டப்படி ஒருவர் எழுதிய பாட்டை இன்னொருவர் பாடி விற்றால், எழுதியவருக்கு ராயல்டி உண்டு. அன்றைய அமெரிக்கக் கணக்கில் பாட்டுக்கு, பிரதிக்கு 6.25 சென்ட். சில்லறைக் காசு மாதிரித் தெரியும். பல லட்சம் பேர் தேடி வாங்கும் பேர்ல் ஜாம் மாதிரி ஒரு குழு பாடும்போது அந்தச் சில்லறை பெருகும்.

இனி சில பாட்டுகளுக்கு வருவோம்.

பேர்ல் ஜாம் பாடியது "கிரேஸி மேரி". ஊருக்கு வெளியே, சாலை வளைவில், ஒரு குடிசையில் தனியாக இருக்கும் பெண். ஊர் அவளுக்கு வைத்த பெயர் பைத்தியக்கார மேரி. காரில் போகும் ஒரு குழந்தையின் கண்ணில் அவளைப் பார்க்கிறோம். ஒரு நாள் ஒரு கார் அந்த வளைவில் திரும்பாமல் நேராக அவள் வீட்டுக்குள் பாய்கிறது. யாருக்கும் தொல்லை கொடுக்காமல் வீட்டில் இருந்தவளைத் தேடி வந்து விபத்து மோதுகிறது. நோய் அப்படித்தான் வரும். "டாக்டர், நான் பீடி சிகரெட் தொட்டதில்லை, வெளியே சாப்பிட்டதில்லை, எனக்கு ஏன்?" என்று கேட்பவர்களிடம் சொல்ல என்னிடம் பதில் கிடையாது. இந்தப் பாட்டிலும் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி இருக்கு. பேர்ல் ஜாம் பல ஆண்டுகளாக இதை மேடையில் பாடிவருகிறார்கள்.

சோல் அசைலம் பாடியது "சம்மர் ஆஃப் டிரக்ஸ்". ஹிப்பி காலம் முடிந்த பிறகு வளர்ந்த தென்மாநிலப் பிள்ளைகளின் கதை. அதில் தங்கையை வீட்டுப் பின்னால் இருக்கும் காட்டில் காப்பர்ஹெட் என்ற பாம்பு கடித்துவிடும். வீட்டில் யாரும் இல்லை. அக்காவே காலைப் பிடித்து விஷத்தை வாயால் உறிஞ்சித் துப்புவாள். தங்கை ஒன்றிரண்டு மாதத்தில் வீக்கம் வடிந்து பிழைத்துக்கொள்வாள்.

பாட்டு அருமை. வைத்தியம் தப்பு! காப்பர்ஹெட் கடித்து மனிதர் இறப்பது மிக அபூர்வம். அந்தத் தங்கை உறிஞ்சாமல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் பிழைத்திருப்பாள். நம் ஊர் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் நாகமும் சுருட்டை விரியனும் அப்படி இல்லை. வாயால் உறிஞ்சாதீர்கள், கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டு, விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ராக் பாட்டு இழையிலும் இதைச் சொல்ல ஒரு வாய்ப்பு கிடைத்தால் விடமாட்டேன்.

மரியா மெக்கீ பாடியது "ஓப்பலூசாஸ்". லூசியானாவில் உள்ள ஒரு ஊரின் பெயர். தொகுப்பில் இந்தப் பாட்டின் பெயரோடு "ஸ்வீட் ரிலீஃப்" என்பதும் சேர்ந்தே இருக்கும். ஆல்பத்துக்கும் அதே பெயர். "மெயின் ரோட்" பாடிய லூசிண்டா வில்லியம்ஸும் லூசியானாவில் பிறந்தவர்தான். குடும்பப் பெயர் ஒன்று என்பதால் அக்கா தங்கை என்று நினைக்க வேண்டாம்.

விக்டோரியா அதோடு விடவில்லை. எனக்குப் பணம் வந்தது, என்னைப் போல் இருக்கும் மற்றவர்களுக்கு? என்று யோசித்து ஸ்வீட் ரிலீஃப் பெயரிலேயே இசைக் கலைஞர்களுக்கு ஒரு உதவி நிதியை ஆரம்பித்தார். நோய், ஊனம், முதுமை காரணமாகத் தவிக்கும் கலைஞர்களுக்கு அது இன்றும் உதவுகிறது.

இந்த நிதிக்காக 1996ல் இரண்டாவது தொகுப்பு வந்தது. இந்த முறை பாடல்கள் விக் செஸ்நட் என்பவருடையவை.

விக் ஜார்ஜியா மாநிலத்தில் வளர்ந்தவர். 1983ல், 18 வயதில், குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்து. கழுத்து முறிந்தது. அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கைகளில் கொஞ்சம் அசைவு திரும்பியது. எளிய கார்டுகள் மட்டும் வாசிக்க முடிந்தது. அதை வைத்தே பாட்டு எழுதினார். ஏதென்ஸ் என்ற ஊரில் அவர் பாடுவதைக் கேட்ட ஆர்.இ.எம். குழுவின் மைக்கேல் ஸ்டைப், அவருடைய முதல் 2 ஆல்பங்களைத் தயாரித்தார்.

இரண்டாம் தொகுப்பில் ஆர்.இ.எம்., கார்பேஜ், ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் எல்லோரும் இருக்கிறார்கள். மடோனாவே வந்து தன் தங்கை கணவர் ஜோ ஹென்றியுடன் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடினார். தொகுப்பின் பெயர் "கிராவிட்டி ஆஃப் த சிச்சுவேஷன்". கிராவிட்டி என்றால் புவியீர்ப்பு, நிலைமையின் தீவிரம் என்று இரண்டு அர்த்தம். நாற்காலியை விட்டு எழ முடியாத மனிதர் வைத்த தலைப்பு என்று நினைத்துப் பாருங்கள். அவர் நகைச்சுவை அப்படி.

தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு விபத்தோடு செலவு முடிவதில்லை. சிறுநீர்த் தொற்று, சிறுநீரகப் பாதிப்பு, படுக்கைப் புண், தசை இறுக்கம் என்று வாழ்நாள் முழுக்க ஏதாவது ஒன்று ஆஸ்பத்திரிக்கு இழுக்கும். விக்கிடம் காப்பீடு இருந்தது. இருந்தும் அது எல்லாவற்றையும் கட்டவில்லை. பல பத்தாயிரம் டாலர் பாக்கி நின்றது. ஒரு ஆஸ்பத்திரி அவர் மீது வழக்கே போட்டது. இதையெல்லாம் 2009 கடைசியில் பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார்.

2009 டிசம்பர் 25 அன்று அதிக அளவு மருந்தின் விளைவால் இறந்தார். வயது 45. அதற்கு முன்பும் தற்கொலைக்கு முயன்றவர் அவர். கடன்தான் காரணம் என்று நான் எழுத மாட்டேன். மன அழுத்தத்துக்கு ஒரே ஒரு காரணம் சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியில்லை. ஆனால் ஏற்கெனவே தளர்ந்த மனதின் மேல் கடனும் வழக்கும் ஏறி உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கும் தெரியும்.

யோசித்துப் பாருங்கள். எந்த மனிதரின் பாட்டுகள் மற்ற கலைஞர்களின் ஆஸ்பத்திரி பில்லைக் கட்ட உதவினவோ, அவரே தன் பில்லைக் கட்ட முடியாமல் போய்ச் சேர்ந்தார். அவர் இறந்ததும் அந்தக் குடும்பத்துக்காக நண்பர்கள் மறுபடி நன்கொடை திரட்டினார்கள்.

ஏன் இதை எழுதுகிறேன்? கை மரத்துப் போகிறது என்று ஒரு தையல்காரம்மா என்னிடம் வந்தார். பரிசோதனை முடிந்து நோயின் பெயரைச் சொன்னேன். "குணமாகுமா?" என்று அவர் முதலில் கேட்கவில்லை. "ஊசியில் நூல் கோக்க முடியுமா சார்? மாசம் எவ்வளவு ஆகும்?" என்றார். விக்டோரியாவின் கேள்வியும் அதேதானே?

நம் வாட்ஸ்அப் குரூப்களிலும் தினமும் வருகிறது. குழந்தையின் படம், ஆஸ்பத்திரி எஸ்டிமேட், வங்கிக் கணக்கு எண். முடிந்தவர்கள் கட்டாயம் உதவுங்கள். அந்த நேரத்துக்கு அது உயிரைக் காக்கும். ஆனால் யாருக்கு நிறைய நண்பர்கள் இருக்கிறார்களோ, யாருடைய கதை பரவுகிறதோ அவருக்குத்தான் பணம் சேரும். விக்டோரியாவுக்கு பேர்ல் ஜாம் இருந்தது. பாட்டு எழுதத் தெரியாத, பிரபல நண்பர் இல்லாதவருக்கு? அதற்குத்தான் அரசுக் காப்பீடும், அரசு மருத்துவமனையும், அவற்றுக்கு ஒதுக்கும் பணமும் வேண்டும் என்கிறோம். நன்கொடை அதற்கு மாற்று ஆகாது.

அதனால் மூன்று வேண்டுகோள்.

ஒன்று. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தகுதி இருந்தால் அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். தனியார் காப்பீடு என்றால் நல்லா இருக்கும்போதே எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வரலாம்.

இரண்டு. நீண்ட நாள் நோயில் இருப்பவரிடம் உடம்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். தூக்கம், கடன், மனசு இதையும் கேளுங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் உங்களுக்கோ அருகில் இருப்பவருக்கோ வந்தால் தயங்காமல் 14416 அல்லது 104க்கு அழையுங்கள். தமிழில் பேசலாம்.

மூன்று. இந்த இரண்டு தொகுப்புகளையும் தேடிக் கேளுங்கள். இரண்டாவதின் கடைசிப் பாட்டை விக்கும் விக்டோரியாவும் சேர்ந்தே பாடியிருப்பார்கள். நோயாளிகள் என்பதற்காகக் கேட்க வேண்டாம். பாட்டு நல்லா இருக்கும்.

எந்தப் பாட்டு பிடித்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.