மழையில் ஒரு மொரிஸ் மைனரும் ஏழு சைக்கிள்களும்

போன சனிக்கிழமை எடுத்த படத்தைப் போட்டதிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான். "பழைய கார் ஊர்வலத்துக்கு நடுவில் நீங்கள் ஏழு பேரும் நனைந்துகொண்டு என்ன செய்கிறீர்கள் சேர்?" இரண்டு வரியில் சொல்லக்கூடிய விஷயமில்லை. நேரம் இருப்பவர்கள் வாசியுங்கள்.

நாங்கள் ஏழு பேரும் ஒரே ஆசிரியர் கலாசாலையில் ஒரே பெட்ச். இப்போது மாவனல்லையைச் சுற்றி வெவ்வேறு பாடசாலைகளில் படிப்பிக்கிறோம். கலாசாலையில் "மச்சான்" என்று கூப்பிட்டவர்கள்தான். இன்று பிள்ளைகளுக்கு முன்னால் கூப்பிட்டுப் பழகி, எங்களுக்குள்ளேயும் கணக்கு சேர், விஞ்ஞான சேர், வரலாற்று சேர், மௌலவி சேர் என்றாகிவிட்டது.

எங்களைச் சைக்கிளில் ஏற்றியது உடம்பைக் குறைக்கும் ஆசையல்ல. 2022தான் ஏற்றியது. அந்த ஜூன் மாதக் கடைசியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. பிறகு கியூ.ஆர். கோட் வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர். பாடசாலை கிழமையில் மூன்று நாள். வரிசையில் நிற்பதா, வகுப்பில் நிற்பதா என்ற நிலை வந்தபோது ஒவ்வொருவராகச் சைக்கிள் தேடத் தொடங்கினோம். புதுச் சைக்கிளின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. வீட்டின் பின்பக்கம் கிடந்தவற்றுக்கு டியூப் மாற்றி, எண்ணெய் போட்டு எடுத்தோம். விஞ்ஞான சேர் எடுத்தது அவருடைய வாப்பாவின் ரலி சைக்கிள். கம்பிப் பிரேக், தோல் சீட், முன்னால் டைனமோ லைட்.

பெற்றோல் திரும்ப வந்தது. சைக்கிளை விட எங்களுக்கு மனம் வரவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை சுபஹ் தொழுதுவிட்டு ஏழு பேரும் எங்காவது போவது வழக்கமாகிவிட்டது. இந்த முறை கடுகண்ணாவைக் கணவாய் ஏறுவது என்று முடிவு.

ஒக்டோபர் மழை தெரிந்ததுதான். பின்னேரம்தான் கொட்டும், காலையில் போய்த் திரும்பிவிடலாம் என்று கணக்கு சேர் சொன்னார். மாவனல்லைப் பாலத்தைக் கடக்கும்போதே அவருடைய கணக்குப் பிழைத்துவிட்டது. பின்னால் உத்துவன்கந்த மலை மேகத்துக்குள் போயிருந்தது. சரதியலும் எங்கள் ஊர் மம்மலே மரிக்காரும் ஒளிந்திருந்த மலை. "இப்படி மழை பெய்தால் பொலிசுக்கும் கள்ளனைப் பிடிக்க ஏலாதுதான்" என்றார் வரலாற்று சேர். ஹிங்குல தாண்டும்போது உள்ளாடை வரை நனைந்துவிட்டது. அதற்குப் பிறகு மழை ஒரு பிரச்சினையாகத் தெரியவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு ஹோர்ன் கேட்டது. இப்போதைய ஹோர்ன் இல்லை, தாராக் கத்துவதுபோல ஒன்று. திரும்பிப் பார்த்தால் கொழும்புப் பக்கமிருந்து வரிசையாகப் பழைய கார்கள். முன்னால் ஒரு சின்ன ஒஸ்டின் செவன். அதற்குப் பின்னால் வட்டக் கண் லைட்டுகளுடன் பெரிய கறுப்புக் கார்கள், பிறகு வொக்ஸ்வாகன்கள், மொரிஸ் மைனர்கள். எல்லாக் கதவிலும் இலக்கம் ஒட்டியிருந்தது. கண்டிக்குப் போகும் ஊர்வலமாம். எல்லாவற்றையும் வின்டேஜ் என்று சொல்லக்கூடாது, 1919க்கும் 1930க்கும் இடையில் செய்ததுதான் வின்டேஜ் என்று கணக்கு சேர் மழைக்குள்ளும் பாடம் நடத்தினார்.

கணேதென்னயில் ஏற்றம் தொடங்கியது. அங்கேதான் நாங்களும் கார்களும் ஒரு வேகத்துக்கு வந்தோம். ஏற்றத்தில் லொறி ஒன்று முன்னால் ஊர்ந்தது, அதன் பின்னால் கார்கள் ஊர்ந்தன, ஓரத்தில் நாங்கள் ஊர்ந்தோம். ஒரு வளைவில் அவர்கள் எங்களைத் தாண்டுவார்கள், அடுத்த வளைவில் நாங்கள் அவர்களைத் தாண்டுவோம். கடைகளுக்கு முன்னால் குடையோடு நின்ற சனம் கார்களுக்குக் கை காட்டியது. போனில் படம் எடுத்தது. எங்களைக் கண்டதும் ஒரு பொடியன் கத்தினான்: "சேர், பெற்றோல் வந்துவிட்டது! தெரியாதா?" எங்கள் பாடசாலைப் பிள்ளையாகத்தான் இருக்க வேண்டும். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறோம்.

மேலே போகப் போக மழை கூடியது. ஒரு வளைவில் பச்சை நிற மொரிஸ் மைனர் ஒன்று ஓரமாக நின்றது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு குடையோடு நின்றார். பக்கத்தில் பேரன், பதினான்கு பதினைந்து வயதிருக்கும். நாங்கள் இறங்கினோம். விஞ்ஞான சேர் முதலில் செய்த வேலை எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. காரின் முன்பக்கம் போய்க் குனிந்து நம்பர்ப் பலகையைப் பார்த்தார். பிறகுதான் பொனட் பக்கம் வந்தார்.

"ரேடியேட்டர் கொதித்துவிட்டதா அங்கிள்?" என்று சிங்களத்தில் கேட்டோம். இல்லையாம். இருமி இருமி நின்றுவிட்டதாம். விஞ்ஞான சேர் உள்ளே கை வைத்து, "டிஸ்ரிபியூட்டர் நனைந்திருக்கிறது. இந்தக் காருக்கு மழையில் இதுதான் வருத்தம்" என்றார். கொயிலிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான வோல்ற்று, பிளக்குக்குப் போகாமல் நனைந்த மூடி வழியாக எங்கோ ஒழுகிப் போய்விடும். சாதாரணதர வகுப்புக்கு மின்காந்தத் தூண்டல் படிப்பிக்கிறவர், சொல்வதில் அதிசயமில்லை. ஆனால் அந்தக் கிளிப்பை அவர் கழற்றிய விதம் புத்தகத்தில் படித்தது மாதிரி இல்லை. கண்ணால் பார்க்காமலே கழற்றினார்.

இப்போது உலர்ந்த துணி வேண்டும். ஏழு பேரிடமும் பிழிந்தால் தண்ணீர்தான். அங்கிளின் கைக்குட்டையும் ஈரம். அப்போது மௌலவி சேர் தன் பையிலிருந்து பொலித்தீன் உறையொன்றை எடுத்தார். உள்ளே லுஹர் தொழுவதற்கென்று மடித்து வைத்திருந்த முசல்லாவும் ஒரு சின்னத் துவாயும். முசல்லாவைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டுத் துவாயைக் கொடுத்தார். இரண்டு பேர் குடை பிடிக்க, விஞ்ஞான சேர் மூடியின் உள்பக்கம், வெளிப்பக்கம், வயர் நுனிகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். துவாய் கறுத்துப்போனது. மௌலவி சேர் ஒன்றும் சொல்லவில்லை.

சாவி போட்டதும் கார் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. பேரன் கை தட்டினான்.

"எங்கே படித்தீர்கள் புதா?" என்று அங்கிள் கேட்டார்.

"வாப்பா ஹயர் ஓடினவர் அங்கிள். இதே கார். மாவனல்லையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்கு."

அங்கிள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாரதி ஆசனத்திலிருந்து இறங்கி மற்றப் பக்கம் போய் உட்கார்ந்தார். "மேல் வரைக்கும் நீங்கள் ஓட்டுங்கள்" என்றார்.

விஞ்ஞான சேர் தன் நனைந்த சாரத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். "பரவாயில்லை, ஏறுங்கள்" என்றார் அங்கிள். அப்படியென்றால் ரலி சைக்கிள்? பேரன் இறங்கி ஹென்டிலைப் பிடித்துக்கொண்டான்.

கார் எங்களைத் தாண்டிப் போகும்போது பார்த்தோம். முதலாம் கியருக்குப் போக கிளச்சை இரண்டு தடவை மிதித்தார். அந்தக் காரின் முதலாம் கியர் ஓடும்போது இலேசில் விழாது, அப்படித்தான் போட வேண்டும் என்று பிறகு சொன்னார். வாப்பாவின் மடியிலிருந்து பார்த்துப் பழகியதாம்.

பொடியன் கொஞ்சத் தூரம் மிதித்தான், பிறகு தள்ளினான். கியர் இல்லாத சைக்கிளில் இந்த ஏற்றம் எங்களுக்கே முடியாது. "சீயாவுக்கு எங்களைவிட அந்தக் கார்தான் விருப்பம். தனக்குப் பிறகு எனக்குத்தான் என்கிறார். எனக்கென்றால் பொனட் திறக்கவும் தெரியாது" என்றான். "இன்றைக்கு ஒரு விஷயம் தெரிந்துகொண்டாய்தானே. மழைக்காலத்தில் காருக்குள் ஒரு உலர்ந்த துவாய் வைத்திரு" என்றார் மௌலவி சேர்.

கல்லைக் குடைந்த பழைய பாதைக்குப் பக்கத்தால் போய், டோசன் கோபுரத்தடியில் சேர்ந்தோம். இந்தப் பாதையை வெட்டிய கெப்டன் டோசன் 1829இல் இறந்தார். 1832இல் அவருக்குக் கோபுரம் எழுப்பினார்கள். அவருக்குக் கீழே நின்று கல் உடைத்தவர்களின் பெயர் ஒன்றும் அங்கே இல்லை என்பதை வரலாற்று சேர் ஒவ்வொரு சுற்றுலாவிலும் பிள்ளைகளுக்குச் சொல்வார். எங்களுக்கும் சொன்னார்.

அங்கிள் எல்லோருக்கும் இஞ்சிப் பிளேன்டீ எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் வரிசையைத் தேடிக் கண்டிப் பக்கம் போனார். கார் வளைவில் மறையும் வரை விஞ்ஞான சேர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் முதலில் நம்பர் பார்த்தீர்கள்?" என்று கேட்டோம். இத்தனை வருடம் கூட இருந்தும் அவர் எங்களுக்குச் சொல்லாத கதை அப்போதுதான் வந்தது.

"முதலாளியின் காரைத்தான் வாப்பா முதலில் ஓட்டினார். பிறகு தவணைக்கு அதையே வாங்கிக்கொண்டார். ஊரில் பாதிப் பேர் பிறக்கப் போனது அந்தக் காரில். 2012இல் எனக்கு முதல் நியமனம், கஷ்டப் பிரதேசம், பஸ் இல்லை. வாப்பாவுக்குக் கண் தெளிவில்லாமல் கார் பலா மரத்தடியில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் குறைந்தது. நான்தான் பழைய இரும்புக்காரனைக் கூட்டி வந்தேன். கிலோக் கணக்கில் விலை பேசினேன். அவன் வருகிற அன்று காலை வாப்பா வாளியில் தண்ணீர் எடுத்துக் காரைக் கழுவினார். உடைக்கப் போகிற காரை ஏன் வாப்பா கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. கண்ணாடியைத் துடைத்தார், உள்ளே துடைத்தார், பிறகு வீட்டுக்குள் போய்விட்டார். லொறி போகும்வரை வெளியே வரவில்லை."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கணக்கு சேர்தான், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு அந்தக் கார் இருந்திருந்தால் என்ன விலை என்று தொடங்கினார். தொடங்கியவர் தானாகவே நிறுத்திக்கொண்டார்.

"வெட்டியதை என் கண்ணால் பார்க்கவில்லை" என்றார் விஞ்ஞான சேர். "அவன் யாருக்காவது முழுசாக விற்றிருக்கலாம். அதனால் பச்சை நிற மைனர் எதைக் கண்டாலும் நம்பரைப் பார்ப்பேன். வாப்பா மௌத்தாகி ஆறு வருடம். இன்னும் பார்க்கிறேன்."

அந்த மோட்டார் சைக்கிள் 2022இல் பெற்றோல் இல்லாமல் முற்றத்தில் நின்றது. அவரைப் பாடசாலைக்குக் கொண்டுபோனது, யாரும் விலை பேசாமல் குசினிக்குப் பின்னால் விட்டுவைத்த வாப்பாவின் சைக்கிள். இதை அவர் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும்.

இறக்கத்தில் மழை விடவில்லை. நனைந்த விளிம்பில் கம்பிப் பிரேக் பிடிக்காது என்பதால் விஞ்ஞான சேர் பாதித் தூரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். நாங்களும் இறங்கித் தள்ளினோம். லுஹருக்கு ஊர் வந்து சேர்ந்தோம்.

இரவு எங்கள் குழுவில் அவர் ஒரு படம் அனுப்பினார். முற்றத்து லைட்டில் ரலி சைக்கிள். கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டிருந்தது. கீழே, "வாப்பாவுக்கு ஒரு துஆ செய்யுங்கள்" என்று மட்டும் எழுதியிருந்தார்.

நாங்கள் செய்தோம். வாசித்த நீங்களும் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் தொடங்கும் பழைய நம்பரோடு பச்சை மைனர் ஒன்று எங்காவது நின்றால், படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள்.