ஈப்போ பசாரில் நாலு சொல்

தோட்டத்தைவிட்டு ஈப்போவுக்குக் குடிபோகிறீர்களா? கித்தா மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது பேராக்கில் எத்தனையோ குடும்பங்கள் போன வழிதான் அது. வேலை போனால் லயத்து வீடும் போய்விடுமே!

தோட்டத்தில் தமிழை வைத்தே காலம் தள்ளிவிடலாம். ஈப்போவிலோ பஸ்ஸைவிட்டு இறங்கியதும் காதில் விழுவது கேண்டனீஸ். ஈயம் தோண்ட வந்த சீனர்கள் கிந்தா பள்ளத்தாக்கில் ஊன்றிவிட்ட பேச்சு. ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் மலாய் போதும். புந்தோங் பக்கம் போனால் கச்சான் பூத்தே வறுக்கும் நம்மவர்கள் இருக்கிறார்கள். காலைப் பசாரில்தான் திண்டாட்டம்.

"கெய் தோ சின்?" என்று கேளுங்கள். 'என்ன விலை?' என்று அர்த்தம். கேட்பது சுலபம், பதில் புரிய வேண்டுமே! அங்கே தமிழே கைகொடுக்கிறது. 'செய்' நான்கு, 'சாப்' பத்து. நம் நாற்பதைப் போலவே அவர்களுக்கும் நான்கு முன்னே: 'செய் சாப்'. பதினான்குக்குப் பத்து முன்னே: 'சாப் செய்'. மாற்றிக் கேட்டால் 26 வெள்ளி வித்தியாசம்!

'மாய்' என்ற சொல்லில் மட்டும் கவனம். குரலை ஏற்றினால் வாங்குவது, ஏற்றாவிட்டால் விற்பது. கீரை வாங்கப்போன நான் கீரை விற்கிறேன் என்று சொல்லி நின்றேன். கடைக்காரம்மா சிரித்துவிட்டு, ஒரு பிடி கூடவே போட்டார்.

பிள்ளைகளைப் பேசவிட்டுப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தாய்மாரைப் பார்க்கிறேன். வேண்டாம் அக்கா, நீங்களே கேளுங்கள். சாமானைக் கையில் வாங்கியதும் "ம் கோய்" என்று நன்றி சொல்லுங்கள். மறுநாளும் அதே கடைக்குப் போங்கள்.