நியாய விலை



ரேஷன் கடை போர்டில் 'நியாய விலைக் கடை' என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அப்படியென்றால் மற்ற கடைகளில் இருப்பது என்ன விலை? இந்தச் சந்தேகம் எனக்கு ரொம்ப நாளாக இருந்தது. எங்க வீட்டில் கார் வாங்கியபோதுதான் கொஞ்சம் பதில் கிடைத்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் கார் வாங்கியது ஆடம்பரத்துக்கு இல்லை. 2025 ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி அப்பத்தாவுக்கு மூச்சுத்திணறல் வந்தது. மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். கிளாவரையிலிருந்து கொடைக்கானலுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பக்கத்து வீட்டு மாமா தன் பிக்கப் வண்டியில் ஏற்றியிருந்த கேரட் மூட்டைகளை மழையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, மெத்தை விரித்து அப்பத்தாவைக் கொண்டுபோனார். மரத்தை வெட்டி வழி செய்துகொண்டே போனார்கள். அப்பத்தா பிழைத்துக்கொண்டார். மாமா டீசல் காசுகூட வாங்கவில்லை. ஆனால் அப்பா மட்டும், "எத்தனை தடவைதான் அடுத்தவங்க வாசல்ல போய் நிக்கிறது?" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பாவும் சித்தப்பாவும் பூண்டு விற்ற பணத்தையும் சேமிப்பையும் ஒன்றாகப் போட்டார்கள். மீதிக்கு பேங்க் லோன் என்று முடிவானது.

"மார்கழியில யாராவது வண்டி வாங்குவாங்களா?" என்று அம்மா கேட்டார். தாத்தா சிரித்தார். "யாரும் வாங்காத மாசத்துலதான் விக்கிறவன் இறங்கி வருவான்" என்றார். தாத்தா அந்தக் காலத்தில் மூட்டை சுமக்க மட்டக்குதிரை வாங்கியவர். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களாம். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன விலை என்றே தெரியாதாம். "குதிரையோட வாயத் திறந்து பல்லப் பாக்காம காசு குடுக்காதே" என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்.

காருக்குப் பல் எங்கே இருக்கிறது என்று நான் பிறகு தெரிந்துகொண்டேன். சேஸிஸ் நம்பரில் 17 எழுத்துகளும் எண்களும் இருக்கும். பெரும்பாலும் பத்தாவது இடத்தில் உள்ள எழுத்து வருஷத்தைக் காட்டும். 'ஆர்' என்றால் 2024, 'எஸ்' என்றால் 2025. தயாரித்த மாதமும் வருடமும் ஆர்.சி. புத்தகத்திலும் ஏறும். டிசம்பரில் புது வண்டி என்று கொடுப்பது அந்த வருஷத் தொடக்கத்தில் செய்த வண்டியாக இருக்கலாம். தப்பில்லை. ஆனால் அதற்கேற்ப விலை குறைய வேண்டும். நாளைக்கு விற்கப் போனால் மாடல் வருஷத்தைத்தானே கேட்பார்கள்?

முதல் பஸ்ஸில் கிளம்பி, மலை இறங்கி, ஒரு ஷோரூமுக்குப் போனோம். என்னிடம் ரஃப் நோட்டு இருந்தது. கணக்கு எழுத என்னைக் கூட்டிப் போயிருந்தார்கள்.

அங்கே இருந்த அண்ணன் டீ கொடுத்துவிட்டு முதலில் கேட்டது, "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். சித்தப்பா தடுத்துவிட்டார். "மொதல்ல மொத்த விலையச் சொல்லுங்க தம்பி. மாசக் கணக்க அப்புறம் பாப்போம்."

இது ஏன் முக்கியம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லட்சம் கடன், 5 வருஷம். 9 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 10,379 ரூபாய். 11 சதவீதம் என்றால் சுமார் 10,871. மாதத்துக்கு 500 ரூபாய்கூட வித்தியாசம் இல்லை. ஆனால் 60 மாதத்துக்கு 29,520 ரூபாய்! மாசக் கணக்கில் இது கண்ணுக்குத் தெரியாது.

பிறகு அவர் ஒரு தாளில் எழுதித் தந்தார். நான் அதை நோட்டில் இப்படி எழுதிக்கொண்டேன்.

ஷோரூம் விலை – 8,90,000
சாலை வரி (13%) – 1,15,700
இன்சூரன்ஸ் – 52,000
சீட் கவர் முதலிய சாமான்கள் – 18,000
கூடுதல் வாரண்டி – 12,000
கையாளும் கட்டணம் – 6,500
மொத்தம் – 10,94,200

பதிவுக் கட்டணம் மாதிரி சில்லறைச் செலவுகளை விட்டுவிட்டேன். எட்டே முக்கால், ஒன்பது லட்சம் என்று நினைத்துப் போன அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது. சித்தப்பா ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டார்.

முதல் வரியில் வரி குறைந்த விலைதானா? ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. அது சரியாகவே இருந்தது.

சாலை வரி அரசாங்கத்துக்குப் போவது. அதில் பேரம் கிடையாது. ஆனால் ஒரு விஷயம் உண்டு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய வரிப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலை 20,000 கூடினால் வரி 53,100 கூடுகிறது! சித்தப்பா ஆசைப்பட்ட பெரிய மாடல் இந்தக் கணக்கில்தான் அடிபட்டுப் போனது.

இன்சூரன்ஸை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குகிறவர் இஷ்டம். புதுக் காருக்கு 3 வருஷ மூன்றாம் நபர் காப்பீடு 2018-லிருந்து கட்டாயம். அதை வெளியேயும் எடுக்கலாம். வெளியே விசாரித்ததில் 38,000 ரூபாய்தான் ஆனது. சாமான்கள் கட்டாயமில்லை. கையாளும் கட்டணம் எதற்கு என்று கேட்டதற்குச் சரியான பதில் வரவில்லை.

"இன்னைக்கே புக் பண்ணினாத்தான் இந்த ரேட்டு" என்றார் அந்த அண்ணன். எனக்குப் படபடப்பாக இருந்தது. அப்பா தாளை மடித்துப் பையில் வைத்தார். "சரி தம்பி, யோசிச்சிட்டுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார். அடுத்த ஊர் ஷோரூமிலும் போய் அதே மாதிரி எழுதி வாங்கினோம்.

மறுநாளே போன் வந்தது. பழைய ஸ்டாக் என்பதால் 25,000 தள்ளுபடி. கையாளும் கட்டணம் கிடையாது. இன்சூரன்ஸும் சாமானும் நம் இஷ்டம். மொத்தம் 63,500 ரூபாய் மிச்சம். மலை ரோடு என்பதால் வாரண்டியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சித்தப்பாவுக்கு இன்னும் பத்தாயிரம் குறைக்க ஆசை. நேரில் போனபோது கேட்டும் பார்த்தார். அந்த அண்ணன் மெதுவாகச் சொன்னார், "இதுக்கு மேல குறைச்சா எனக்கு வர்ற இன்சென்டிவ் போயிடும்ணே. எங்கப்பாவும் ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி ஏத்தி விடுறவருதான்." அப்பா உடனே "போதும்ப்பா, முடிச்சிடுவோம்" என்றார். வெளியே வந்ததும் அண்ணன் தம்பிக்குள் சின்ன சண்டை. "நம்மகிட்ட யாராவது இப்படிப் பாவம் பாத்திருக்காங்களா?" என்று சித்தப்பா கேட்டார். அப்பா, "பாக்கல. அதனாலதான் நான் பாக்குறேன்" என்றார்.

மலை ஏறும்போது அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், "காருக்கு எந்திரிச்சு வந்துட்டேன். இருபது வருஷமா பூண்டுக்கு ஒருநாளாவது எந்திரிச்சு வந்திருக்கேனா?"

எனக்கு அது சுருக்கென்று குத்தியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை வகுப்பில் படித்தோம். ஆனால் மூட்டையை வடுகபட்டி மார்க்கெட்டில் இறக்கிய பிறகு, லாரி வாடகையும் கடனும் தலைக்கு மேல் நிற்கும்போது, அவர்கள் சொன்னதுதான் விலை. திருப்பிக் கொண்டுவர முடியாது. கார் இல்லாமல் ஒரு வாரம் இருக்கலாம், பணம் இல்லாமல் இருக்க முடியாதே! எழுந்து வர முடிந்தவனுக்குத்தான் நியாய விலை கிடைக்கிறது.

அதனால் இந்தத் தடவை அப்பா எல்லாப் பூண்டையும் ஒரே நாளில் ஏற்றவில்லை. பாதியைக் காயவைத்துக் கட்டித் தொங்கவிட்டார். நம்ம பூண்டு சீக்கிரம் கெடாதே. கமிஷன், வாடகை, கூலி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக் கேட்டார். மீதிப் பூண்டுக்குக் கிலோவுக்கு 12 ரூபாய் கூடக் கிடைத்தது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் அப்பா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

நண்பர்களே, நம் வீடுகளிலும் நாளை டிராக்டரோ பைக்கோ வாங்குவார்கள். அப்போது நீங்களும் ஒரு நோட்டோடு கூடப் போங்கள்.

1. மாதத் தவணையை அல்ல, மொத்த விலையைக் கேளுங்கள்.
2. ஒவ்வொரு செலவையும் தனி வரியில் எழுதி வாங்குங்கள்.
3. இரண்டு இடத்திலாவது விசாரியுங்கள்.
4. தயாரித்த மாதம், வருஷம் பாருங்கள்.
5. "இன்னைக்கே" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வாருங்கள்.
6. எதிரில் இருப்பவரும் சாப்பிட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பின்குறிப்பு: எங்கள் வண்டியில் முதலில் ஏறியது அப்பத்தா. இரண்டாவதாக ஏறியது, கேரட் மூட்டையை மழையில் இறக்கிப் போட்ட அந்த மாமா. அவர் அன்று செய்ததற்கு மட்டும் என் நோட்டில் எந்த விலையும் எழுத முடியவில்லை.



– பத்தாம் வகுப்பு மாணவி