பொட்டு வைக்காத பசு

விளாச்சேரியில் குழந்தை இயேசுவைச் சுளகில் வைத்துக் காயப்போடுகிறார்கள். ஒரு சுளகுக்கு முப்பது, நாற்பது பாலன்கள். எல்லாரும் மல்லாக்கப் படுத்து இரண்டு கையையும் விரித்தபடி கிடக்கிறார்கள். வெள்ளைப் பூச்சு மட்டும் ஆகியிருக்கிறது. கண்ணும் முடியும் இனிமேல்தான். தூறல் விழுந்தால் சுளகோடு தூக்கித் திண்ணைக்குக் கொண்டுபோய்விடலாம். நான் போனது ஐப்பசிக் கடைசி. காலையிலிருந்தே வானம் மூட்டமாக இருந்தது. தெரு முழுக்கச் சுளகும் சாக்கும் பலகையும் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருந்தன.

மதுரையிலிருந்து திருப்பரங்குன்றம் போகும் வழியில் மூலக்கரையில் பிரிந்து உள்ளே போனால் விளாச்சேரி. தமிழ் படித்தவர்களுக்கு இது பரிதிமாற் கலைஞர் 1870இல் பிறந்த ஊர். அவர் வாழ்ந்த வீடு இங்கே நினைவில்லமாக இருக்கிறது. மற்றவர்களுக்குப் பொம்மை ஊர். பானை, சட்டி வனைந்த வேளார் குடும்பங்கள் பொம்மைக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆவணியில் பிள்ளையார், புரட்டாசியில் கொலு, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மார்கழிக்குக் கிறிஸ்துமஸ் குடில் செட் என்று வருசம் ஓடுகிறது. நான் திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துக்காரன். எங்கள் பங்குக் கோயில் குடிலுக்குச் சூசையப்பரும் மாதாவும் இந்தத் தெருவிலிருந்துதான் வருகிறார்கள் என்று பொம்மைக் கடைக்காரர் ஒருவர் சொன்னதை நம்பி வந்திருந்தேன்.

நான் போய் உட்கார்ந்த வீட்டில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். பெரியவருக்கு அறுபது இருக்கும். அவருக்கு மண் வேலை. அவர் மனைவி வர்ணம் பூசி, கண் எழுதுகிறார். மகன் பிளாஸ்டர் பார்க்கிறான்.

களிமண் பொம்மைக்கு இரண்டு அச்சு உண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. மணல் சேர்த்து மிதித்த மண்ணைச் சப்பாத்தி போலத் தட்டி அச்சுக்குள் வைத்து, கட்டைவிரலால் மூக்கு, விரல், உடுப்பு மடிப்பு வரைக்கும் அழுத்த வேண்டும். பிறகு இரண்டு பாதியின் ஓரத்திலும் சேற்றுக் குழம்பு தடவி ஒட்டுவது. உள்ளே கூடு, அடியில் ஓர் ஓட்டை. ஓட்டையை மறந்தால் சூளையில் உள்ளே சேரும் நீராவி போக வழியில்லாமல் பொம்மை வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் சேர்த்துக்கொண்டு போகும். அச்சிலிருந்து எடுத்ததும் பெரியவர் மூங்கில் சீவலால் ஒட்டுக்கோட்டை வழித்துவிட்டு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தார். தோளில் இருந்த கோடு போய்விட்டது. காதுக்குப் பின்னால் இருந்ததை மட்டும் அப்படியே விட்டார். “அங்க முடி வரும் தம்பி, வர்ணத்துல மறைஞ்சிரும்” என்றார்.

நிழலில் வாட விட்டு, அப்புறம் வெயிலில் காயவைத்து, அதற்குப் பிறகே சூளை. இங்கேதான் கிறிஸ்துமஸ் பொம்மையின் சிக்கல் இருக்கிறது. கொலு பொம்மைக்கு வேண்டிய வெயில் சித்திரை, வைகாசியில் தாராளமாகக் கிடைக்கிறது. குடிலுக்கு ஆர்டர் வருவதோ கொலு முடிந்த பிறகு. அப்போது வடகிழக்குப் பருவமழை வந்து உட்கார்ந்துவிடும். மண் காயாது, சூளை விறகும் நனைந்திருக்கும். மண்பாண்டத் தொழிலாளர்களுக்கு அரசு மழைக்கால நிவாரணம் என்று 5,000 ரூபாய் கொடுப்பது இந்த மாதங்களுக்காகத்தான். கையில் காசு இருப்பவர்கள் கோடையிலேயே குடில் பொம்மைக்கும் மண் போட்டுச் சுட்டுப் பரணில் அடுக்கிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் வர்ணம் மட்டும்தான் பாக்கி. காசு இல்லாதவர்கள் ஆர்டரும் முன்பணமும் வருகிற வரைக்கும் பொறுத்திருந்து, மழையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

அல்லது பிளாஸ்டருக்குப் போகிறார்கள். மாவைத் தண்ணீரில் கலக்கி ரப்பர் அச்சில் ஊற்றினால் அரை மணிக்குள் இறுகிவிடும், சூளை கிடையாது. ஆற்றிலும் குளத்திலும் கரைக்கும் சிலைகளில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டுதலில் சொன்ன பிறகு, பிள்ளையாருக்கு அதைத் தொடப் பயப்படுகிறார்கள். சூசையப்பரை யாரும் கரைப்பதில்லை. அதனால் பிள்ளையாரை விட்ட பிளாஸ்டர் குடிலில் ஒண்டிக்கொண்டது. “மண்ணுல செஞ்சதத் தட்டுனா ஒரு சத்தம் வரும்ணே. இது சத்தமே போடாது” என்றான் மகன். சொல்லிக்கொண்டே அடுத்த ஆட்டை அச்சிலிருந்து உரித்தான்.

அந்த அம்மா எதிரில் பலகை போட்டு மாடுகளுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். படுத்திருக்கிற பசு. உடம்புக்கு வெள்ளை, கொம்புக்கும் குளம்புக்கும் கறுப்பு, கழுத்தில் சலங்கைக் கயிறு. பக்கத்திலேயே இன்னொரு வரிசையில் அதே பசு, நெற்றியில் குங்குமப் பொட்டோடு நின்றது. கோகுலாஷ்டமிக்குச் செய்ததில் மிஞ்சியவை என்றார்.

“ரெண்டும் ஒரே அச்சாம்மா?”

“ஆமா தம்பி. பொட்டு வச்சா கிருஷ்ணருக்கு, வைக்காட்டி குடிலுக்கு.”

கையில் வாங்கிப் பார்த்தேன். முதுகில் நல்ல திமில். கழுத்துக்குக் கீழே அலைதாடி தொங்குகிறது. இத்தாலியிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வந்த குடில் படங்களில் இருக்கும் மாட்டுக்குத் திமில் இருக்காது. எந்தப் பங்குச்சாமியும் எந்த ஆயரும் உத்தரவு போடாமல், நம் ஊர் மாடு குடிலுக்குள் தானாக நுழைந்து இயேசு பாலனுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. கழுதைக்குத்தான் தனி அச்சு. கொலுவில் கழுதை விலை போகாதாம்.

இந்த மாடும் கழுதையுமே நற்செய்தியில் இல்லாதவை. லூக்கா தீவனத் தொட்டியைச் சொல்கிறார், அதில் தின்ன வந்த விலங்கைச் சொல்லவில்லை. மாடு தன் உடையவனை அறியும், கழுதை தன் எசமானின் தொட்டியை அறியும் என்ற பொருளில் ஏசாயா ஆகமத்தில் வருவதைப் பிற்காலத்தார் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மத்தேயுவும் பாலனைக் காண வந்த ஞானிகள் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. காணிக்கை மூன்று என்பதால் ஆளும் மூன்று. அசிசி பிரான்சிஸ் 1223இல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலையூரில் கிறிஸ்துமஸ் இரவில் குடில் அமைத்தபோது பொம்மையே கிடையாது. வைக்கோல், தொட்டி, நிசமான மாடு, நிசமான கழுதை, தீவட்டியோடு வந்த ஊர்ச் சனம். அவ்வளவுதான். மீதி எல்லாம் அந்தந்த ஊர்க்காரர்கள் பிற்பாடு சேர்த்தது.

நேப்பிள்சில் 18ஆம் நூற்றாண்டில் மீன்காரி, பழக்காரன், பாஸ்தா விற்பவன் எல்லாரும் குடிலுக்குள் வந்து, மாட்டுக்கொட்டகை ஒரு சந்தையாகவே ஆகிவிட்டது. அங்கே சான் கிரகோரியோ அர்மேனோ தெருவில் இன்றைக்கும் மாதாவுக்குப் பக்கத்துக் கடையில் மரடோனா பொம்மை கிடைக்கிறது. பிரான்சில் புரட்சி நடந்து கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது சனங்கள் வீட்டுக்குள் குடில் வைத்தார்கள். மார்சேயில் லாஞெல் என்ற சிற்பி அச்சு வைத்து மலிவான மண் பொம்மைகள் வார்த்தார். அந்த ஊர்ப் பொம்மைச் சந்தை 1803இலிருந்து நடக்கிறது. பூண்டு விற்பவள், மாவரைப்பவன், கத்தி சாணை பிடிப்பவன் எல்லாம் அதில் உண்டு. போலந்தின் கிராக்கோவில் குளிரில் கட்டட வேலை நின்றுபோன கொத்தனார்கள் சும்மா இருக்கும் மாதங்களில் குடில் கட்டக் கிளம்பினார்கள். தங்கள் ஊர்க் கோபுரங்களையே அட்டையிலும் ஜிகினாத் தாளிலும் செய்து, அதற்குள் பாலனை வைத்தார்கள். 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் அது ஏறியது. மழையில் சூளை அணைந்து கிடக்கும் வேளாரும் பனியில் கரண்டியைக் கீழே வைத்த கொத்தனாரும் ஒரே காரணத்துக்காகத்தான் கிறிஸ்துமஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

நம்மிடம் இந்தச் சேர்க்கை புத்தி இல்லாமலில்லை. ஆனால் அதையெல்லாம் கொலுவுக்குக் கொடுத்துவிட்டோம். அதே வீட்டுப் பரணில் எண்ணிப் பார்த்தேன்: பலசரக்கு பரப்பிய செட்டியாரும் ஆச்சியும், கல்யாண செட், கிரிக்கெட் செட், காய்கறிக்காரி, குறவன் குறத்தி, பல்லக்குத் தூக்கிகள். ஊரே அங்கே இருக்கிறது. கீழ்ப்படியில் இருக்கும் குடில் செட்டுக்கு வந்தால் மாதாவுக்கு நீலப் போர்வை, சூசையப்பருக்குப் பழுப்புத் தாடி, அநேகமாக எல்லாருக்கும் ரோஸ் நிறம். வேளாங்கண்ணி மாதாவுக்குப் பட்டுச் சேலை கட்டி அழகு பார்க்கிற சனம்தான் நாம். கோவாக்காரரான ஆஞ்செலோ ட ஃபோன்செகா போன நூற்றாண்டிலேயே சேலை கட்டிய மாதாவை வரைந்தார். சொந்த ஊரில் எதிர்ப்பு வந்து, புனேயில் ஆசிரமத்தில் தங்கி வரைய வேண்டியதாயிற்று. குடிலுக்கு மட்டும் நிறம் மாறாது என்று யார் தீர்மானித்தார்களோ!

“யாவாரிதான் கேக்குறாரு” என்றார் அந்த அம்மா. “ஒருக்கா மாநெறமாப் பூசிக் குடுத்தேன். இது கெழங்கு மாதிரி இருக்கு, ரோஸ் அடிச்சுக் குடுன்னு திருப்பி விட்டுட்டாங்க.”

செட்டில் ஒரே ஒருவர் மட்டும் கறுப்பு: மூன்று ராசாக்கள் எனப்படும் அந்த ஞானிகளில் ஒருவர். ஐரோப்பிய ஓவியர்கள் நடுக்காலத்தின் கடைசியில் ஆரம்பித்த வழக்கம் அது. பூமியின் எல்லாத் திசையிலிருந்தும் வந்தார்கள் என்று காட்ட ஒருவரை ஆப்பிரிக்கராக்கினார்கள். அச்சோடு சேர்ந்து அந்த வழக்கமும் விளாச்சேரி வரை வந்திருக்கிறது. ஆக, எங்கள் வீட்டுக் குடிலில் எங்கள் நிறத்துக்குக் கொஞ்சமாவது கிட்டத்தில் இருக்கிற ஆள், தூரதேசத்திலிருந்து ஒட்டகத்தில் வந்த விருந்தாளி. அவரும் ஜனவரி 6 திருநாள் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடுவார்.

எங்கள் அம்மா குடிலுக்காகத் தாம்பாளத்தில் கேழ்வரகு முளைக்கப்போடுவார். முளைப்பாரி போட்டுப் பழகிய ஊரில் அதை யாரும் வித்தியாசமாக நினைத்ததில்லை. பிரான்சில் புரொவான்ஸ் பகுதியிலும் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில் கோதுமையைத் தட்டில் முளைக்கப்போட்டுக் குடிலில் வைக்கிறார்கள். முளை நன்றாக வந்தால் அந்த வருசம் விளையும் என்பது அவர்கள் கணக்கு. ஆத்தங்கரை, வயல், கிணறு என்று குடிலைச் சுற்றி எல்லாவற்றையும் நம் ஊராக்கிவிட்டு நடுவில் இருக்கும் ஆட்களைத்தான் விட்டுவைத்திருக்கிறோம்.

பெரியவரிடம் இதைக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். இடையர்களுக்கு எதற்கு இந்த அங்கியும் வளைந்த கோலும்? ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ராத்திரி வயலில் கிடை போட்டுக் காவல் இருப்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்? லூக்கா சொல்வதும் அதே வேலையைத்தானே? தலையில் துண்டு, தோளில் போர்வை, கையில் தொரட்டிக் கம்போடு ஒரு கீதாரி செய்தால் என்ன?

அவர் மறுக்கவில்லை. உருவம் பிடிப்பது கஷ்டமில்லை என்றார். கொலு குறவன் அச்சையே கொஞ்சம் மாற்றினால் தொரட்டிக் கம்புக்குக் கை தோதாக வரும். கம்பைத் தனியாகக் கம்பியில் செருகிவிடலாம், இல்லையென்றால் பெட்டியில் ஒடியும். மாதாவுக்குச் சுங்குடிச் சேலையா, கண்டாங்கியா என்று அந்த அம்மா கேட்டார். கண்டாங்கிக் கட்டம் போட நேரம் ஆகும், சுங்குடிப் புள்ளி என்றால் ஈர்க்குச்சி முனையால் வைத்துவிடலாம் என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. புது அச்சு எடுக்க முதலில் ஓர் ஆள் உட்கார்ந்து மாதிரி செய்ய வேண்டும். அத்தனை நாள் கூலி யார் தலையில்? விற்காமல் போனால் பரணில் யார் இடம் கொடுப்பது? கொலு பொம்மையில் புதுசு போட்டால் அடுத்த வருசமாவது போய்விடும், ஆண்டுக்கு ஒரு புது செட் சேர்ப்பதே அதில் வழக்கம். குடில் வாங்குகிறவர்கள் ஒருதரம் வாங்கினால் இருபது வருசம் வைத்திருக்கிறார்கள். திரும்பி வருவதும் உடைந்த ஆட்டுக்கோ விரல் ஒடிந்த பாலனுக்கோ மாற்றுத் தேடித்தான்.

“ஒங்க கோயில்ல பேசிட்டு அம்பது செட்டு உறுதியாச் சொல்லுங்க தம்பி” என்றார். “ஆனா ஐப்பசியில வந்து சொல்லாதீங்க. பங்குனிக்குள்ள சொன்னீங்கன்னா, வெயில்ல போட்டு மண்ணுலயே எடுத்துக் குடுத்துருவேன்.”