தோளில் ஒரு சிறு பை

நுழையும்முன்

சுற்றுலா செல்பவர் எவரும் இன்று கேமராவோ செல்பேசியோ இல்லாமல் புறப்படுவதில்லை. கருவிகள் பெருகப் பெருக, எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்னும் வினாவும் பெரிதாகிறது. அவ்வினாவுக்குத் தம் இரு பயணங்களின் வழியே விடை தேடிய தமிழாசிரியர் ஒருவரின் அனுபவக் கட்டுரை இது.

*

நான் பிறந்தது சிவகங்கைச் சீமையில் ஒரு சிற்றூர். பணி கிடைத்ததோ தில்லியில். வந்த புதிதில், என் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளே படித்துக் காட்டுவார்கள். பிறர் வாய்வழியே கேட்பதைவிட, அவரே தம் கண்ணால் காணும்படி எதையேனும் அனுப்பவேண்டும் என்று தோன்றியது. இரண்டு ஆண்டுகள் பணம் சேர்த்து ஒரு கேமரா வாங்கினேன்.

எதற்காக வாங்கினேனோ அதை நாளடைவில் மறந்துபோனேன். கருவியின் மீது ஆசை வந்துவிட்டது. லென்ஸுகள் ஒன்று மூன்றாயின. பிறகு பிளாஷ் விளக்கும், ட்ரைபாட் எனப்படும் முக்காலித் தாங்கியும் வந்து சேர்ந்தன.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் அம்மா தில்லிக்கு வந்திருந்தார். அவரை அழைத்துக்கொண்டு மூன்று நாள் பயணமாக ஜெய்ப்பூருக்குச் சென்றேன். அம்மாவிடம் இருந்தது ஒரு துணிப்பை: அதில் இரண்டு சேலைகள், ஒரு போர்வை, வழிக்குக் கட்டிய புளியோதரை. என் முதுகிலோ ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட கருவிகள்.

நகரிலிருந்து ஏறத்தாழ 11 கி.மீ. தொலைவில், குன்றின் மேல் இருக்கிறது ஆமேர் கோட்டை. ஏற்றத்தில் பாதி வழியிலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கை கொடுக்க நினைத்தேன். ஒரு கையில் கேமரா, மறு கையில் முக்காலி. அம்மா ஒரு படியில் அமர்ந்துகொண்டு, “நீ போயிப் பார்த்துட்டு வாப்பா, நான் இங்கனயே இருக்கேன்” என்றார். நானும் போனேன். திரும்பிவர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

வந்து பார்த்தபோது அம்மாவின் அருகில் இராசத்தானத்து மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். சிவப்பு முக்காட்டுத் துணி. கை நிறைய வளையல்கள். தம்மிடமிருந்த தண்ணீரை அம்மாவுக்குக் கொடுத்திருக்கிறார். அவர் தம் மொழியில் பேச, அம்மா தமிழில் பேச, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் கையை மற்றொருவர் பற்றியிருந்தார். அப்போது என் கேமராவில் இருந்தது தொலைக்காட்சிகளை அருகில் காட்டும் நீண்ட லென்ஸ். அதனைக் கழற்றி, பையைத் திறந்து, வேறொன்றைப் பொருத்தி நிமிர்வதற்குள் அம்மூதாட்டி எழுந்து தம் மக்களோடு நடந்துவிட்டார்.

தில்லிக்குத் திரும்பியதும் படங்களை அம்மாவுக்குக் காட்டினேன். அறுநூறுக்கு மேல் இருந்தன. கோபுரங்கள், வளைவுகள், மாடங்கள், மறையும் கதிரவன் என எல்லாம் இருந்தன. அம்மா பொறுமையாகப் பார்த்தார். கடைசிப் படம் முடிந்ததும் கேட்டார்:

“ஏம்ப்பா, அந்தம்மா எங்க?”

என்னிடம் விடை இல்லை.

*

அதன்பின் அம்மாவின் முழங்கால்கள் தளர்ந்தன. இப்போது அவரால் வாசல்படி இறங்குவதே அரிது. சென்ற டிசம்பரில், ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளுடன் மீண்டும் ஜெய்ப்பூர் செல்ல முடிவாயிற்று. செய்தி அறிந்த அம்மா தொலைபேசியில் சொன்னார்: “அந்த ஊரை இன்னொரு தடவை எனக்குக் காட்டுப்பா. பெருசா அச்சடிச்சு அனுப்பு. செல்போன்ல ஒண்ணும் தெரிய மாட்டேங்குது.”

மகளுக்கோ புதிய கேமரா வாங்கவேண்டும் என்று ஆசை. நான் ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளை எழுதச் சொன்னேன். படம் யாருக்காக? எந்த இடத்தில், எந்த ஒளியில் எடுக்கப்போகிறோம்? எவ்வளவு தூரம் சுமந்து நடக்கமுடியும்?

முதல் கேள்விக்கு, “அப்பத்தாவுக்காக” என்று எழுதினாள். 8 அங்குலத்துக்கு 12 அங்குலம் அளவில் அச்சிடுவதாக வைத்துக்கொண்டோம். தெளிவான அச்சுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். அவளே பெருக்கிப் பார்த்தாள். ஒரு பக்கம் 2,400, மறுபக்கம் 3,600. ஆக மொத்தம் 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள். எங்கள் பழைய கேமராவே 2 கோடியே 40 இலட்சம் புள்ளிகளைப் பதியவல்லது. புதிய கேமரா வேண்டாம் என்பது கணக்கிலேயே முடிந்தது.

இரண்டாம் கேள்வி லென்ஸுகளைப் பற்றியது. ஹவா மகாலின் முகப்பு கிழக்கு நோக்கியது. காலை ஒளியே அதற்கு அழகு. தெருவின் எதிர்ப்புறத்தில் நின்று முழு முகப்பையும் எடுக்க அகன்ற காட்சி வேண்டும். கேமராவோடு வந்த 18 முதல் 55 மி.மீ. லென்ஸ் அதற்குப் போதும். அந்த எண் சிறிதாகச் சிறிதாகக் காட்சி விரியும். ஆனால் கடைத்தெருக்களின் உட்புறம் இருண்டது. அங்கே மிகுந்த ஒளியை உள்வாங்கும் லென்ஸ் தேவை. லென்ஸின் மீது எஃப் என்னும் எழுத்தோடு ஓர் எண் இருக்கும். அவ்வெண் பாதியானால் உள்ளே வரும் ஒளி நான்கு மடங்காகும். என்னிடமிருந்த சிறிய 35 மி.மீ. லென்ஸின் எண் 1.8. அதையும் பையில் வைத்தோம்.

மூன்றாம் கேள்விதான் கடினமானது. பிளாஷ் விளக்கு வேண்டாம். ஆமேரின் கண்ணாடி மாளிகையில் அதன் ஒளி தெறித்துப் படத்தைக் கெடுக்கும். முக்காலியும் வேண்டாம், நினைவுச் சின்னங்கள் பலவற்றில் அதற்கு முன் அனுமதி பெறவேண்டும். நீண்ட லென்ஸைக் கையிலெடுத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். கூடுதலாக ஒரு பேட்டரி, ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும் என்று இரண்டு மெமரி கார்டுகள், துடைக்க ஒரு மென்துணி. அவ்வளவுதான் எங்கள் கருவிகள். எல்லாம் ஒரு சிறு தோள்பையில் அடங்கின.

*

1799ஆம் ஆண்டில் கட்டப்பட்ட ஹவா மகாலின் 953 சாளரங்களில் காலை வெயில் படிவதை எடுத்தோம். ஜந்தர் மந்தரில், 27 மீட்டர் உயரமுள்ள பெருங்கதிர்க்கடிகையின் நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. கண்ணெதிரே நிழல் நடப்பதை என் மகள் செல்பேசியில் காணொளியாக்கினாள். அதற்குக் கேமராவைவிடச் செல்பேசியே எளிதாக இருந்தது.

ஜெய்ப்பூரின் மன்னராக 1835 முதல் 1880 வரை இருந்த இரண்டாம் சவாய் ராம் சிங், தாமே ஒளிப்படம் எடுத்தவர். அவர் காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அதன் ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவவேண்டும். கனத்த மரப்பெட்டிக் கேமராவும், தகடுகளும், மருந்துக் குப்பிகளும் இன்றி ஒரு படமும் இல்லை. இதைக் கேட்ட மகள், “அவருக்கு வேறு வழி இல்லை. உங்களுக்கு இருந்ததே, அப்பா!” என்றாள்.

இழப்பும் இல்லாமல் இல்லை. ஆமேரில் ஒரு மாடத்தின் மீது பச்சைக்கிளிகள் கூட்டமாக அமர்ந்தன. நீண்ட லென்ஸ் இருந்திருந்தால் அருமையான படம் கிடைத்திருக்கும். எங்கள் படத்தில் அவை பச்சைப் புள்ளிகளே. மகள் வருந்தினாள், எனக்கும் வருத்தமே. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றொன்றை விடத்தான் வேண்டும்.

மாலையில் மணிஹாரோன் கா ராஸ்தா என்னும் தெருவுக்குச் சென்றோம். அரக்கு வளையல்களுக்குப் பெயர்பெற்ற தெரு அது. ஒரு சிறு கடையில், வயது முதிர்ந்த பெண்மணி ஒருவர் தணலில் இளக்கிய அரக்கை உருட்டி வளையலாக்கிக்கொண்டிருந்தார். நான் உடனே கேமராவைத் தூக்கவில்லை. மகள் இந்தியில், “பாட்டி, உங்களைப் படம் எடுக்கலாமா? ஊரில் இருக்கும் என் அப்பத்தாவுக்கு அனுப்பவேண்டும்” என்று கேட்டாள். அவர் கையைத் துடைத்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, நிமிர்ந்து பார்த்தார். சிறிய லென்ஸ் முன்பே பொருத்தியிருந்தது. ஒரே படம்தான் எடுத்தேன்.

*

தில்லி திரும்பி, 12 படங்களை மட்டும் அச்சிட்டு அஞ்சலில் அனுப்பினோம். பத்து நாள் கழித்து அம்மா பேசினார். வளையல்காரப் பெண்மணியின் படத்தைப் பற்றியே முதலில் கேட்டார்.

“அன்னைக்கு எனக்குத் தண்ணி குடுத்தவுகளா இவுக?”

“இல்லம்மா. இவங்க வேற.”

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “இருக்கட்டும். இவுக முகமும் அப்படித்தான் இருக்கு” என்றார். அந்தப் படம் இப்போது எங்கள் ஊர் வீட்டில், அம்மா நாள்தோறும் தலைசீவும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மாணவர்களே, உங்களுள் பலருக்கும் தொலைவில் ஓர் ஊர் இருக்கும். அங்கே உங்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு முகமும் இருக்கும். அடுத்த முறை சுற்றுலாவுக்குப் பையைக் கட்டும்போது, முதலில் அந்த முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எதை எடுத்துச் செல்லவேண்டும் என்பது தானே விளங்கும்.

சொல்லும் பொருளும்

அப்பத்தா – தந்தையின் தாய்
சீமை – நிலப்பகுதி
இங்கனயே – இங்கேயே (வட்டார வழக்கு)
இவுக – இவர்கள், இவர் (வட்டார வழக்கு)
சாளரம் – சன்னல்
கதிர்க்கடிகை – கதிரவனின் நிழலால் நேரம் காட்டும் கருவி
தணல் – நெருப்புக் கங்கு

சிந்தித்து எழுதுக

1. “ஏம்ப்பா, அந்தம்மா எங்க?” என்று தாய் கேட்டபோது ஆசிரியரால் ஏன் விடை கூற இயலவில்லை?
2. மகள் எழுதிய மூன்று கேள்விகளுள் முதன்மையானதாக நீ கருதுவது எது? காரணம் தருக.
3. நீ வாழும் நகரை ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து படங்களில் காட்டவேண்டும். எவற்றை எடுப்பாய்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுக.