அளவுகோலையும் அளப்போர்

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்துள்ளது. அங்குள்ள 234 சென்டிமீட்டர் விட்டமுடைய தொலைநோக்கியை 1986ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். அதனைக் கனவு கண்ட அறிஞர் வைணு பாப்பு 1982இலேயே மறைந்துவிட்டார். இப்பெயர்களை நாம் அறிவோம். ஆனால், அதன் பெரிய ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகிட்டு, சோதித்து, 'இது சரி' என்று சொல்லும் பொறுப்பைச் சுமந்த பணியாளரை நாம் நினைப்பதில்லை.

அப்பொறுப்பு எளிதன்று. இத்தகைய ஆடியின் வளைவில் ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்களவு பிழை நேர்ந்தாலும் விண்மீனின் உருவம் கெடத் தொடங்கும். கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இப்பிழையைக் காண, பிரான்சு நாட்டு அறிஞர் பூக்கோ 19ஆம் நூற்றாண்டில் ஓர் எளிய வழி கண்டார். சிறு துளை வழியே வரும் ஒளி ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியுமிடத்தில், ஒரு கத்தியின் விளிம்பை மெல்ல நுழைப்பதே அது. வளைவு கோளத்தின் பகுதியாகச் செம்மையாயிருப்பின் ஆடி முழுவதும் ஒருசேர இருளும். இல்லையேல் மேடும் பள்ளமும் நிழலாய்த் தோன்றும். விரல் பட்ட இடம்கூட வெப்பத்தால் வீங்கி, குன்றுபோல் தெரியும். ஆகவே, மெருகிட்ட ஆடி குளிரும்வரை சோதிப்பவர் காத்திருத்தல் வேண்டும். பொறுமையும் அங்கே ஒரு கருவியே!

சோதிக்கும் கருவியே பிழைபட்டால்? காவலூர் ஆடியை ஒத்த அளவினதான ஹபிள் விண்தொலைநோக்கி, 1990 ஏப்ரலில் விண்ணுக்கு அனுப்பப்பெற்றது. அது அனுப்பிய படங்களோ மங்கியிருந்தன. ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறிப் பொருத்தப்பட்டிருந்ததே காரணம். அத்தவறான அளவுக்கேற்ப ஆடி மிகத் துல்லியமாகவே மெருகிடப்பட்டிருந்தது! எளிய சோதனைக் கருவிகள் இரண்டு முன்னரே பிழையைக் காட்டின. அவை துல்லியம் குறைந்தவை என்று அவற்றின் சான்று தள்ளப்பட்டது. பின்னர், 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று அக்குறையைச் சீர்செய்தனர்.

அன்பு வாசகரே, சோதிப்பவரின் அறம் இங்கேதான் விளங்குகிறது. பொருளை ஐயுறுவது அவர் தொழில். தம் அளவுகோலையும் ஐயுறுவது அவர் நேர்மை. உயர்ந்த கருவிக்கு மாறாக எளிய கருவி ஒன்று சான்று பகரும்போது, காலம் கடந்தாலும் செலவு மிகுந்தாலும், நின்று மீண்டும் அளந்து பார்க்க அவருக்குத் துணிவு வேண்டும். 'பொறுங்கள், இன்னொரு முறை பார்ப்போம்' என்னும் அவரது சொல் பலருக்குத் தடையாகத் தோன்றலாம். ஆயினும், காவலூரின் தெளிந்த இரவுகளில் அறிஞர் காணும் காட்சியை நாம் நம்புவது, பெயரறியா அம்மனிதரின் தயக்கத்தை நம்பித்தான்.