நெஞ்சுக்கூடு சேரும்வரை

மார்ச் 11, 2024, திங்கள்
என் வீட்டுக்காரருக்கு இதயத்தின் மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு. ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை, பைபாஸ்தான் என்று சொல்லிவிட்டார்கள். சிவராத்திரிக்கு மறுநாள் நெஞ்சு கரிக்கிறது என்று சோடா வாங்கிக் குடித்த மனுஷன். பக்கத்துக் கட்டில் பையனிடம் தெம்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்: “பயப்படாத தம்பி. 1975-லயே எங்க பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியிலதான் டாக்டர் செரியன் இந்தியாவுக்கே முதல் பைபாஸ் பண்ணாரு. எங்க டிபார்ட்மெண்டு சமாச்சாரம் இது.” என் கையை மட்டும் விடவில்லை.

மார்ச் 13
மோதிரம், கைக்கடிகாரம், கண்ணாடி, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு நர்ஸ் என்னிடம் தந்தார். படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். நெஞ்செலும்பை நடுவில் பிளந்து, காலிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து ஒட்டி, எலும்பைக் கம்பியால் கட்டுவார்களாம். கவரை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். மீனாட்சியம்மனைத் தவிர வேறு நினைப்பில்லை.

மார்ச் 14
தொண்டையில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். “சாப்பிட்டியா?” என்று கேட்டார்.

மார்ச் 21
வீட்டுக்கு வந்தாயிற்று. எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை மல்லாந்துதான் படுக்க வேண்டும். கையை ஊன்றி எழக்கூடாது. வண்டி ஓட்டக்கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. இருமினால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும். மூன்று பந்து உள்ள ஒரு கருவி தந்திருக்கிறார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். இவர் ஊதுகிறார். திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பந்து ஏறியது.

மார்ச் 27
காரணமில்லாமல் கோபப்படுகிறார். பிறகு அழுகிறார். பைபாஸ் ஆனவர்கள் பலருக்கும் சில வாரம் இப்படி இருக்கும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தெரிந்திருந்தும் தாங்க முடியவில்லை. கொல்லையில் போய் நின்றுகொண்டேன்.

ஏப்ரல் 3
விடியற்காலையில் குழாய்த் தண்ணீர் வந்தது. எதிர்வீட்டுப் பையன் வந்து நாலு குடம் பிடித்து வைத்துவிட்டுப் போனான். ஒரு குடம் பதினைந்து கிலோ இருக்கும். ஓய்வு பெற்றதிலிருந்து தண்ணீர் பிடிப்பது இவர் வேலை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவையே எழுப்பிவிடுகிற மாதிரி பேசிக்கொண்டு பிடிப்பார். தூக்கம் கெடுகிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். இன்று பையன் சத்தமே இல்லாமல் வைத்துவிட்டுப் போனான். எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை.

இவர் ரயில்வே கார்டாக இருந்தவர். கல்யாணமான புதிதில் டூட்டிக்குக் கூப்பிட நடுராத்திரியில் கால்பாய் வந்து கதவைத் தட்டுவான். செங்கோட்டை, மானாமதுரை, திருச்சி என்று எங்கே வண்டி போகிறதோ அங்கே ரன்னிங் ரூமில் தூக்கம். தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது பெரும்பாலும் நானும் மகளும் மட்டும்தான் இருப்போம். அவருக்கு கேரியரில் ஆறின சோறு. எனக்கு அவர் வருவாரா மாட்டாரா என்று மூடிவைத்த சோறு.

2019-ல் ஓய்வு பெற்று வந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே வேளையில் உட்கார்ந்து சுடுசோறு சாப்பிட ஆரம்பித்தோம். நான் அரிவாள்மனையை எடுத்தால் எதிரில் வந்து உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரிப்பார். எந்த ஸ்டேஷனில் எந்த சிக்னல் ஏறவில்லை, எந்த மழையில் எங்கே வண்டி நின்றது என்று கதை நடக்கும். கேட்ட கதையே மறுபடி வரும். நான் உம் கொட்டுவேன். இப்போது தனியாக நறுக்குகிறேன். சமையல் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடிந்து என்ன செய்ய?

ஏப்ரல் 14
வருஷப் பிறப்பு. உப்புக் குறைத்த வேப்பம்பூ ரசம். இரண்டு பேரும் அதையே குடித்தோம்.

ஏப்ரல் 19
ஓட்டுப் போட்டே தீர வேண்டும் என்று பிடிவாதம். ஆட்டோக்காரத் தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் நின்று, ஏறி, இறங்கிப் போனார். நல்லா இருக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் களைத்துப் படுத்துவிட்டார். நாடித்துடிப்பை மறுபடி மறுபடி பார்த்தேன். பயம் இன்னும் போகவில்லை.

ஏப்ரல் 21, ஞாயிறு
மீனாட்சி திருக்கல்யாணம். டிவியில்தான் பார்த்தோம். அம்மன் கழுத்தில் திருமாங்கல்யம் ஏறும்போது மதுரைப் பெண்கள் எல்லாரும் போல நானும் தாலிக் கயிறு மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு வருஷமும் செய்வதுதான். இந்த வருஷம் கை நடுங்கியது. அவர் நாற்காலியில் இருந்தபடியே, “குனி” என்று சொல்லி வகிட்டில் குங்குமம் வைத்தார். எதிர்வீட்டு அக்கா சேதுபதி பள்ளியில் கல்யாண விருந்து சாப்பிடப் போனார். எங்கள் பேருக்கும் மொய் எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தனுப்பினேன்.

ஏப்ரல் 22
எங்கள் புதூர் வழியாக அழகர் வந்தார். கூட்டத்துக்குள் போக முடியாது. வாசலில் நாற்காலி போட்டு மேளச் சத்தம் கேட்டோம். தங்கச்சி மீனாட்சி கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, முடிந்துபோனது தெரிந்து திரும்பிப் போகிறவர் அழகர் என்பார்கள். “பாவம், டூட்டி முடிச்சுட்டுல்ல வரணும்” என்றார் இவர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நெஞ்சு வலிக்க, நான் ஓடிப்போய்த் தலையணையை எடுத்துக் கொடுத்தேன். அதை அணைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். நானும்தான்.

ஏப்ரல் 25
காலையில் ஃபேனை வைத்துச் சண்டை. அவருக்கு ஐந்தில் ஓட வேண்டும், எனக்கு மூன்று. பழையபடி குரல் உசந்தது. சாயங்காலம் கேட்காமலே வந்து எதிரில் உட்கார்ந்தார். “வெங்காயம் கால் கிலோதானே, தூக்கலாம்ல?” என்று முறத்தை இழுத்துக்கொண்டார். மணப்பாறையில் வண்டி நின்ற கதை. எத்தனையோ தரம் கேட்டதுதான். இடையில் நிறுத்தி, “அப்புறம்?” என்று நானே கேட்டேன்.

பெண்டாட்டியும் புருஷனும் சேர்ந்து உட்கார ஒரு சாயங்காலம் கிடைப்பது பெரிய கொடுப்பினை.

மே 6 அன்று எக்கோ எடுக்க வேண்டும். எலும்பு சேர்ந்திருக்கிறதா, குடம் தூக்கலாமா என்பதெல்லாம் அன்று டாக்டர் பார்த்தால்தான் தெரியும்.